கால் எட்டாத ஸ்போர்ட்ஸ் பைக்: சீட்டைக் குறைப்பதா, வண்டியைத் தாழ்த்துவதா?

யமஹா ஆர்15 வண்டியின் நான்காம் பதிப்பில் சீட் தரையிலிருந்து 815 மி.மீ. உயரத்திலும், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டியில் 810 மி.மீ. உயரத்திலும் இருப்பதால், ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவருக்கு இரண்டிலும் முன்பாதம் மட்டுமே தரையில் படுகிறது. ஓடும்போது தெரியாத இந்தக் குறை, மதுரையின் கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நிற்கும்போதும், மாசி வீதிகளில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், மழைக்குப் பின் மணல் ஒதுங்கிய சாலையோரத்தில் கால் ஊன்றும்போதும் வெளிப்படுகிறது.

கால் எட்டுவதைத் தீர்மானிப்பதில் சீட்டின் உயரத்துக்கு இருக்கும் அதே பங்கு அதன் அகலத்துக்கும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டேங்க்கை ஒட்டிய முன்பகுதி அகன்றிருந்தால் தொடைகள் விரிந்து, காலின் நீளத்தில் ஒரு பகுதி பக்கவாட்டிலேயே செலவாகிவிடும். ஆகவே சீட் தைப்பவரிடம் "ஒரு இஞ்ச் குறைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது பயன்தராது. வண்டியில் உட்கார்ந்து காட்டி, உள்தொடை உரசும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்த பின்பே ரெக்சினைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். தேர்ந்த கைகள் அந்த ஓரங்களை ஆக்சா பிளேடால் சாய்வாகச் சீவி, மேற்பரப்பில் குறைவாகவே எடுக்கும். நடுவில் அளவுக்கு மீறி ஸ்பாஞ்சை எடுத்துவிட்டால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தளம் இடுப்பெலும்பில் குத்தத் தொடங்கி, திருமங்கலம் போய்த் திரும்புவதற்குள்ளேயே வலி தெரிந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பின்பக்க ஷாக் அப்சார்பரின் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங் முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைக்கப்பட்டுள்ளது என்ற அளவு. எடை குறைந்த ஒருவர் ஏறி அமரும்போது ஸ்பிரிங் போதிய அளவு அமிழாமல் வண்டி நிமிர்ந்தே நிற்பதால், இந்த வசதி உள்ள வண்டிகளில் ஓரிரு படி தளர்த்துவது உயரத்தைச் சற்றுக் குறைப்பதோடு சவாரியையும் சீராக்குகிறது. பின்னால் ஆள் ஏற்றும் நாளில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருப்பது ஒரு தொல்லைதான்.

ஷாக்கைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முடன் இணைக்கும் லிங்க் தகடுகளை மாற்றி வண்டியையே தாழ்த்துவது கடைசி வழியாக இருப்பதே நல்லது. ஆர்15 போன்ற லிங்க் அமைப்புள்ள வண்டிகளில் மட்டுமே இது இயலும். அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி ஆகியவற்றில் ஷாக் நேரடியாகப் பொருத்தப்பட்டிருப்பதால் அங்கு மாற்றத் தகடே இல்லை. பின்புறத்தை மட்டும் தாழ்த்தினால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடி, ஹேண்டில் திருப்பத்துக்கு மந்தமாக இணங்குவதோடு ஹெட்லைட்டும் மேல்நோக்கி அடிக்கும். இதைச் சரிக்கட்ட ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப்பில் சற்று மேலேற்றினால் முன்பக்கமும் இறங்கி, மதுரைத் தெருக்களில் அவரவர் விருப்பத்துக்குக் கட்டியிருக்கும் வேகத்தடைகளில் வண்டியின் அடிப்பாகம் உரசும். முன்சக்கரம் முழுதாக அமுங்கும்போது ஃபேரிங்கிலோ ரேடியேட்டரிலோ இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

சைடு ஸ்டாண்டைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். தாழ்ந்த வண்டிக்குப் பழைய ஸ்டாண்டு நீளமாகிப் போவதால் வண்டி ஏறக்குறைய நேராக நின்று, லேசாகத் தட்டினாலே வலப்பக்கம் சாய்ந்துவிடும். வெட்டிப் பற்றவைப்பதானால் சாய்வை அளந்து பார்த்த பிறகே வெட்ட வேண்டும். செயின் தளர்வையும் புதிதாகச் சரிபார்ப்பது அவசியம்.

இவை எதிலும் கைவைக்காமலேயே, நிற்கும்போது இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, இடக்காலை முழுப் பாதமாக ஊன்றி, வலக்காலைப் பின்பிரேக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. கனத்த அடித்தோல் உள்ள ஷூவும் கொஞ்சம் கைகொடுக்கும். அப்படியும் சீட்டை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இன்னொரு சீட் வாங்கி அதை வெட்டிக்கொண்டு, கம்பெனி சீட்டைப் பரணில் போட்டு வைப்பது நல்லது. வண்டியை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.