புகாருக்கு முன்னும் பின்னும்

2023 ஆகஸ்ட் 9 ஆம் தேதி இரவு நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவனை அவனுடைய பள்ளிப் பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டி, தடுக்க வந்த தங்கையையும் காயப்படுத்தினார்களே, அதற்கு முன்பே அவன் தான் பட்ட துன்பத்தைப் பள்ளியில் முறையிட்டிருந்தான். புகார் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். அபாயம் மிகுந்த வேளை அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. பிள்ளையார்குப்பத்துப் பெற்றோருக்குப் பின்வரும் முறைகளை எழுதுவது அதனாலேதான்.

பிள்ளை திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தால், அதட்டாமலும் இடைமறிக்காமலும் முழுவதையும் கேட்டு, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி, இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றுடன் அன்றே எழுதி வையுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்களா, சாதி அடையாளமாகக் கையில் நிறக் கயிறு கட்டிய கோஷ்டி எதுவும் மிரட்டியதா என்றும் மெல்ல விசாரியுங்கள். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அக்கயிறுகளைத் தடை செய்யும்படி சொன்னது காரணமின்றி அன்று.

உடம்பில் காயம் இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டி, எவ்வாறு நேர்ந்தது என்பதை மறைக்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊரிலேயே மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறபடியால் இதற்குத் தொலைவு ஒரு தடையாகாது.

அடுத்ததுதான் பிரதானமானது. புகாரைக் கொடுக்கும் முன்னரே, அன்று மாலை பிள்ளையை அழைத்து வருபவர் யார், அடுத்த சில நாட்கள் அவனோடு பஸ்ஸில் போகிறவர் யார், இரவில் வீட்டில் பெரியவர் யார் இருப்பார் என்பதையெல்லாம் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். எதிர்த்தரப்புப் பிள்ளைகளை விசாரிக்கும்போது புகார் செய்தவனை அவர்கள் முன் நிறுத்தலாகாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடித்தவர் ஆசிரியராயினும் தயங்க வேண்டியதில்லை. 2009 ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருங்கே விலக்கியிருக்கிறது.

பள்ளி அசட்டையாக இருந்தாலோ மிரட்டல் தொடர்ந்தாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டு, போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. சாதிக் கொடுமையாயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவைச் சொல்லி, குடும்பத்துக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேளுங்கள்.

பாலியல் குற்றமாயின், ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேச அதில் இடமே இல்லை. 2012 ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே தீரவேண்டும். மறைக்கும் பள்ளித் தலைமைக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தையைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போகவும் அவசியமில்லை. சீருடை அணியாத அதிகாரி, கூடுமானவரை பெண் அதிகாரி, வீட்டுக்கே வந்து, பெற்றோர் உடனிருக்க வாக்குமூலம் பதிவு செய்யும்படி கேளுங்கள்.