ஒரே சீட்டு, இரண்டு மதிப்பு

52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தால் எத்தனை சேர்க்கைகள் அமையலாம்? 52 × 51 ÷ 2 = 1,326. அவற்றுள், இரண்டு ஐந்துகள், இரண்டு ராணிகள் என்று இணையாக அமைபவை 78 மட்டுமே. அதாவது, 17இல் 1.

'டெக்சஸ் ஹோல்டம்' என்னும் போக்கர் ஆட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு மேசையில் பொதுச்சீட்டுகள் விரிக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியாக ஒன்று. அவை வருவதற்கு முன்பே, பந்தயத்தை உயர்த்துவதா விலகுவதா என முடிவு செய்ய வேண்டும்.

உங்களிடம் இரண்டு ஐந்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் இன்னோர் ஐந்து வந்தால் உங்கள் கை மிகவும் வலுவாகிவிடும். அதன் நிகழ்தகவு என்ன?

நீங்கள் காணாதவை 50 சீட்டுகள். அவற்றில் ஐந்துகள் இரண்டு. மூன்றிலும் ஐந்து வராமல் போகும் நிகழ்தகவு 48/50 × 47/49 × 46/48 = 0.882. எனவே, வரும் நிகழ்தகவு 0.118. ஏறக்குறைய 17இல் 2.

இப்போது 3 வில்லைகளுக்குப் பந்தயத்தை உயர்த்துகிறீர்கள். ஒருவர் மட்டும் ஈடுகொடுக்கிறார். கணக்கை எளிதாக்க, ஐந்து வந்தால் வெற்றி, வராவிட்டால் 3 வில்லைகள் இழப்பு என்று கொள்வோம். 17 முறை ஆடினால் 15 முறை தோல்வி. இழப்பு 45 வில்லைகள். அதை ஈடுகட்ட, இரண்டு வெற்றிகளில் ஒவ்வொன்றும் சராசரியாக 22.5 வில்லைகளைத் தர வேண்டும்.

எதிராளியிடம் 20 வில்லைகளே இருந்தால், அவரிடம் உள்ள அனைத்தையும் வென்றாலும் நட்டம்தான். அவரிடமும் உங்களிடமும் 200 இருந்தால், ஒவ்வொரு வெற்றியிலும் அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தாலே இலாபம். சீட்டு மாறவில்லை, அதன் மதிப்பு மாறிவிட்டது. இதைத்தான் கணிதத்தில் 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்கிறோம். நிகழ்தகவு மட்டும் போதாது; வென்றால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உண்மையான ஆட்டம் இவ்வளவு எளிதன்று. எதிராளி முதலிலேயே விலகலாம். ஐந்து வந்த பிறகும் நீங்கள் தோற்கலாம். மேலும், சூதாட்டக் கூடங்கள் பந்தயத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, ஆட்டக்காரர்கள் அனைவரின் வரவையும் இழப்பையும் கூட்டினால் மிஞ்சுவது நட்டமே.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. சரியான முடிவும் 17இல் 15 முறை தோற்கலாம். ஒரு முறை கிடைத்த விளைவை மட்டும் பார்த்து, முடிவு சரியா தவறா என்று சொல்லிவிட முடியாது.

பணம் வைக்காமலே இதைச் சோதிக்கலாம். கட்டிலிருந்து இரண்டு ஐந்துகளை அகற்றுங்கள். மீதியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலைத்து, மூன்று சீட்டுகளைத் திறந்து பாருங்கள். 17 முறையில் எத்தனை முறை ஐந்து வந்தது? 170 முறையில்?