புல்திடலும் மண்புழுவும்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் பால் வெட்டச் செல்வோர், மரத்தடியில் சிறுசிறு மண் உருண்டைகள் குவிந்து கிடப்பதைக் கண்டிருப்பர். அவை மண்புழுவின் எச்சம். தோட்டத்தில் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. கோல்ப் திடலிலோ அதுவே பெருந்தொல்லையாகக் கருதப்படுகிறது.

சாலாக் செலாத்தானுக்குத் தொலைவில் இல்லாத புக்கிட் ஜாலில் முன்னர் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1998ஆம் ஆண்டில் காமன்வெல்த் விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன; கோல்ப் திடலும் அங்கு உண்டு. தோட்டங்கள் இவ்வாறு மாறும்போது, புல் பராமரிப்பும் நமக்குரிய தொழிலாகலாம். ஆதலால் அதன் முறையை அறிந்து வைத்தல் நன்று.

புழுவின் பணி

மண்புழு மண்ணைத் துளைத்துக் காற்றும் நீரும் உட்செல்ல வழி செய்கிறது. உதிர்ந்த இலைகளை உரமாக்குகிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே செல்வதாக அறிஞர் சார்லஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் எழுதினார்.

நம் ரப்பர்த் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ‘பொந்தோஸ்கோலெக்ஸ்’ என்னும் புழு, ரப்பர் மரத்தைப் போலவே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததாகும். அது துணையின்றியே முட்டையிட்டுப் பெருக வல்லது. எனவே அதனை அடியோடு ஒழிக்க முயல்வது வீண் செயலாகும்.

நஞ்சு வேண்டாம்

இந்தியாவிலிருந்து சென்ற இலுப்பைப் புண்ணாக்கைப் பிரிட்டனின் கோல்ப் திடல்களில் ஒரு காலத்தில் தூவினர். அதிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் புழுவின் தோலை உறுத்தி, அதனை மேலே வரச்செய்யும். ஆனால் அதே பொருள் மீனுக்கு நஞ்சு. மழைநீரோடு கால்வாயில் கலந்தால் மீன்கள் மடியும்.

பின்னர் வந்த குளோர்டேன் என்னும் மருந்து பல்லாண்டுகள் மண்ணில் தங்கும் கொடிய நஞ்சு. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை விலக்க வேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சட்டப்படி பூச்சிக்கொல்லிகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணில்லாத மருந்தை எவர் கொடுத்தாலும் கையில் வாங்கலாகாது. தெளிப்பவரின் உடலே முதலில் பாதிக்கப்படும்.

செய்ய வேண்டியவை

1. எச்சம் உலரும்வரை காத்திருங்கள். ஈரத்தில் இயந்திரத்தை ஓட்டினால் சக்கரம் அதனை நசுக்கிப் புல்லின்மேல் பூசிவிடும். அவ்விடத்தில் புல் பட்டுக் களை முளைக்கும், வெட்டுக்கத்தியும் மழுங்கும்.

2. உலர்ந்தபின் நீண்ட மூங்கிற்கழியாலோ துடைப்பத்தாலோ வீசிப் பரப்புங்கள். எச்சம் நல்ல உரமாதலால் புல்லுக்கு அது நன்மையே.

3. வெட்டிய புல்லை அள்ளி அகற்றுங்கள். அது புழுவுக்கு உணவு.

4. பந்தைக் குழியில் இடும் பகுதியில் அவ்வப்போது மணலை மெல்லியதாகத் தூவுங்கள். மேற்பரப்பு விரைவில் உலரும். சொரசொரப்பான மணலைப் புழு விரும்புவதில்லை.

5. வடிகால்களை அடைப்பின்றி வைத்திருங்கள்.

குளிர்நாடுகளில் மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டிப் புழுவைக் குறைப்பர். நம் மண்ணில் அமிலத்தன்மை இயல்பாகவே மிகுதி. இங்குள்ள புழு அதனைத் தாங்கி வாழ்வது. ஆகவே அம்முறையை இங்கு நம்புவதற்கில்லை.

அகற்ற வேண்டியது எச்சத்தையே அன்றிப் புழுவை அன்று. அதுவும் புல் மிகக் குட்டையாக வெட்டப்படும் சிறு பகுதியில் மட்டுமே தேவை. எஞ்சிய நிலத்தில் புழு தன் பணியைச் செய்யட்டும்.