முன்கூட்டியே வேலை ஒதுக்காத விளையாட்டு

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கத்தில் மழை என்றாலே 2015 டிசம்பர்தான் பேச்சு. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது சின்னஞ்சிறுசுகள். வெள்ளம் அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை. பேரிடர் மேலாண்மைப் பாடத்துக்காக அந்தக் கதையையே பாத்திரமேற்று ஆடும் விளையாட்டாக மாற்றினேன். தெருவில் தண்ணீர் ஏறுகிறது, நான்கு பேர் கொண்ட குழு அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்ற வேண்டும். நான் நிலைமையைச் சொல்வேன். என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் குழுவுக்கு ஒரு மருத்துவர், வழிகாட்டி, படகோட்டி, சமையல்காரர் என்று பிரித்தேன். நன்றாக வாசிப்பவர்கள் மருத்துவரையும் வழிகாட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். சமையல் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்குப் போனது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு மாணவி படகோட்டி. வரைபடத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். "அது என் வேலை இல்ல மிஸ்" என்றாள். விதிப்படி அவள் சொன்னது சரிதான். அந்த விதியை எழுதியவள் நான்.

இந்தச் சிக்கல் விளையாட்டு வடிவமைப்பில் பழையது. 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. அதில் போர்வீரர், மந்திரவாதி, மதகுரு என ஒரு பிரிவைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். வளர்ச்சியும் அந்தப் பிரிவின் வழியேதான். 1978இல் வெளியான 'ரூன்குவெஸ்ட்' பிரிவுகளை எடுத்துவிட்டது. ஒவ்வொரு திறனுக்கும் 100க்கு இத்தனை என்று ஓர் எண். பயன்படுத்தி வெற்றி பெற்ற திறனுக்கு ஒரு குறி. ஆட்டம் முடிந்ததும் பகடை உருட்டி, விழும் எண் திறனைவிட அதிகமாக இருந்தால் அந்தத் திறன் உயரும். எனவே குறைவாகத் தெரிந்தவருக்கே உயரும் வாய்ப்பு அதிகம். இதைப் படித்தபோது ஒரு நிமிடம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. செயல்வழிக் கற்றலில் ஏணிப்படி வைத்து, வகுப்பைப் பார்க்காமல் அவரவர் வேகத்தில் ஏறவிட்டவர்கள் நாம். ஆனால் அங்கே பாடத்துக்கு ஒரே ஏணி. எல்லாரும் அதே படிகளில்தான் ஏற வேண்டும்.

இரண்டாம் வாரம் வேலைப் பெயர்களை நீக்கினேன். ஆளுக்கு ஓர் அட்டை, ஆறு திறன்கள்: நீச்சல், படகு, முதலுதவி, சமையல், வரைபடம், பேசிப் புரியவைத்தல். ஒவ்வொன்றிலும் 20 புள்ளி. மேலும் 30 புள்ளியை விருப்பம்போல் சேர்க்கலாம். நம்ம படகோட்டி முப்பதையும் படகிலேயே போட்டாள். பகடைக்குப் பதில் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் 0 முதல் 9 வரை சீட்டுகள். ஒன்று பத்துகள், மற்றது ஒன்றுகள். இரண்டும் பூச்சியமானால் 100. இடமதிப்பும் நிகழ்தகவும் செலவில்லாமல் உள்ளே வந்துவிட்டன. திறன் 20 என்றால் வெற்றிக்கு 100க்கு 20 வாய்ப்பு. பிறகு உயர 100க்கு 80. உயர்ந்தால் 5 புள்ளி.

ஒரு விதியை மட்டும் மாற்றினேன். வெற்றிக்கு மட்டும் குறி என்றால், 20 புள்ளி உள்ள குழந்தைக்குக் குறியே அரிதாகத்தான் கிடைக்கும். முயன்றாலே குறி என்று வைத்தேன். உடனே வந்தது வினை. பையன்கள் தேவையே இல்லாமல் "நானும் சமைக்கிறேன் மிஸ்" என்று எல்லாவற்றிலும் கைவைத்தார்கள். சில வாரங்களில் எல்லா அட்டையும் ஒரே மாதிரி ஆகி, யாருக்கும் யாரும் தேவையில்லை என்றானது. பிரிவு இல்லாத விளையாட்டுகளின் உண்மையான பலவீனம் இதுதான். ஒரு பாடவேளைக்கு மூன்று குறிதான் என்று கட்டுப்படுத்திய பிறகு யோசித்துச் செலவழித்தார்கள்.

சீட்டு எடுத்தால் வரைபடத் திறன் எண்ணில் கூடும், தலையில் கூடாதே! ஆகவே வரைபடத்துக்குச் சீட்டு எடுக்குமுன், அதிலுள்ள மூன்று ஊர்ப் பெயர்களையாவது வாசித்துக் காட்ட வேண்டும், நண்பர் உதவலாம். படகோட்டி முதலில் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் வாரம் படகு 65 ஆகிவிட்டது, இனி உயர்வது கடினம் என்று அவளே கணக்குப் போட்டு, வரைபடத்தைக் கேட்டாள். அடையாறு என்ற பெயரை வாசிக்கவே நேரம் பிடித்தது. குழு காத்திருந்தது, அவள் புள்ளி அவர்களுக்கும் வேண்டுமே.

வரைபடம் 45ஐத் தொட்ட நாளில் விரலை ஆற்றின் மேல் நகர்த்திக்கொண்டே வந்து, திருநீர்மலையில் நிறுத்தினாள்.

"மிஸ், செம்பரம்பாக்கத்துத் தண்ணி இங்கதான ஆத்துல சேருது? நம்ம ஊரு அதுக்கு முன்னாடியே வந்துடுதே?"

ஆறு வாரமாக, செம்பரம்பாக்கம் ஏரி திறந்து முடிச்சூர் மூழ்குவதாகத்தான் நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். முடிச்சூருக்கு ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலையே கதையைத் திருத்தி எழுதினேன்.