இரண்டாவது டிரம்முக்கும் சொல்லிவை

அன்புள்ள கயல்விழிக்கு,

மொட்டைமாடியில் உருட்டும் உர டிரம் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. துளை போடும் முன், அது எதற்காக உருள வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்.

காய்கறிக் கழிவை மட்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும். காற்றில்லாத குவியல் அழுகி நாறும். மட்கு உரம் தயாரிக்கும் இந்தூர் முறையை 1931இல் நூலாக்கிய ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் குவியலை அவ்வப்போது புரட்டிப்போடச் சொன்னார்கள். அங்கே ஆட்கள் செய்த வேலையை உன் டிரம் செய்யப்போகிறது.

100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். பழையது வாங்கினால், ரசாயனம் இருந்ததைத் தொடாதே. இரு முனைகளிலும் நடுமையத்தில் துளையிட்டு ஜி.ஐ. குழாயை நுழைத்து, அதைத் தாங்க வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் ஸ்டாண்டு செய்துகொள். பக்கவாட்டில் ஒரு அடிச் சதுரம் வெட்டி, வெட்டிய துண்டுக்கே கீலும் கொண்டியும் வைத்தால் கதவு தயார். சுற்றிலும் 10 மி.மீ. துளைகள் போடு. மழை நேராக விழாத இடத்தில் வை.

ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு போடு. சருகு இல்லாத நாளில் கிழித்த அட்டைப்பெட்டி உதவும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்: விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் பதம் சரி, தண்ணீர் வழிந்தால் சருகைக் கூட்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நாலைந்து சுற்று உருட்டு.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். டிரம் முக்கால் பாகம் நிறைந்ததும் போடுவதை நிறுத்திவிடு. அதற்கு மேல் அடைத்தால் டிரம் உருளும், உள்ளிருப்பது புரளாது. தினமும் புதுத் தோல் விழுந்துகொண்டே இருந்தால், எப்போது திறந்தாலும் பாதி மட்கியும் பாதி பச்சையுமாகவே கிடக்கும். அதனால்தான் இரண்டு டிரம் வேண்டும் என்கிறேன்: ஒன்று நிறைய, மற்றது மட்க.

கறுத்து, உதிர்ந்து, மண்வாசம் வந்த பிறகும் சில வாரம் நிழலில் ஆறவிடு. அரைகுறையாக மட்கியது, செடிக்குப் போகவேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். நீ ஆசையாய் வைத்த கத்தரி மஞ்சளித்து நிற்கும்.

நிரப்புவதற்கு ஆர்வம் போதும். உரமாக்குவதற்கு நிறுத்தவும் காத்திருக்கவும் தெரிய வேண்டும். உனக்கு அது கைகூடும் என்று நம்புகிறேன். பட்டறைக்குப் போகும்போதே இரண்டு ஸ்டாண்டுக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா