பைத்தான் பாடம்: பங்ஷனுக்குக் கொடுத்த மதிப்பு மாறுமா, மாறாதா?

புரோகிராம் எழுதப் பழகுபவர்கள் எர்ரர் செய்தி வந்தால் பயந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம். தவறு எந்த வரியில் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். எர்ரர் எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தரும் புரோகிராமுக்குத்தான் பயப்பட வேண்டும். அப்படி ஒன்றை எழுதி நானே மாட்டிக்கொண்டேன்.

என் அக்கா வீட்டில் டியூஷன் எடுக்கிறார். அவருக்காகப் பைத்தானில் ஒரு சிறிய மார்க் புரோகிராம் எழுதினேன். பெயர்களுக்கு ஒரு லிஸ்ட், மார்க்குகளுக்கு ஒரு லிஸ்ட். அதிக மார்க்கைக் கண்டுபிடிக்க ஒரு பங்ஷன். பிறகு பெயருக்கு நேரே மார்க்கைப் பிரிண்ட் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பினார். மறுநாள் ஒரு மாணவன் அழுதுகொண்டே வந்தான். 95 எடுத்தவனுக்குத் தாளில் 72 என்று இருந்தது. வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறான். 60 எடுத்த மாணவிக்கோ 95!

தவறு எங்கே? இதோ அந்த வரிகள். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஐடில் திறந்து, புதிய பைலில் டைப் செய்து சேவ் செய்தபின் எஃப் 5 கீயை அழுத்தவும்.)

மார்க் = [72, 95, 60]
டெஃப் முதலிடம்(பட்டியல்):
    பட்டியல்.சார்ட்()
    ரிட்டர்ன் பட்டியல்[-1]
பிரிண்ட்(முதலிடம்(மார்க்))
பிரிண்ட்(மார்க்)

முதலில் 95 என்று சரியான விடை வரும். அடுத்த வரியைப் பாருங்கள்: [60, 72, 95]. மார்க் லிஸ்டின் வரிசையே மாறிவிட்டது! பெயர் லிஸ்ட் பழைய வரிசையிலேயே இருந்ததால், ஒருவர் மார்க் இன்னொருவருக்குப் போய்விட்டது.

பங்ஷனுக்கு லிஸ்டின் நகல் போகும் என்று நான் நினைத்ததுதான் தவறு. பைத்தானில் வேரியபிள் என்பது மதிப்பின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. பங்ஷனுக்குள் அதே மதிப்புக்கு இன்னொரு சீட்டு ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். ஒரு பையனுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். பள்ளிப் பெயரைச் சொல்லி முடி வெட்டினாலும் வீட்டுக்கு வருவது அதே தலைதான்!

அப்படியானால் எண்களும் மாறுமா? மாறாது. பங்ஷனுக்குள் ந = ந + 5 என்று எழுதினால், பைத்தான் புதிய எண் ஒன்றைத் தந்து, 'ந' என்ற சீட்டை அதன்மேல் ஒட்டுகிறது. வெளியே உள்ள எண் அப்படியே இருக்கும். எண், ஸ்ட்ரிங், டியூப்பிள் ஆகியவை மாற்ற முடியாத வகை. லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் ஆகியவை மாற்றக்கூடிய வகை. இவற்றைப் பங்ஷனுக்குக் கொடுக்கும்போதுதான் கவனம் தேவை.

தீர்வு எளிது. வரிசைப்படுத்த வேண்டுமானால் பட்டியல்.சார்ட்() என்பதற்குப் பதில் சார்ட்டட்(பட்டியல்) என்று எழுதுங்கள். அது புதிய லிஸ்டைத் தரும், பழையதைத் தொடாது. அல்லது பட்டியல்.காப்பி() கொடுத்து நகலில் வேலை செய்யுங்கள். ஆனால் லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் இந்த நகல் போதாது. உள்ளே இருக்கும் லிஸ்ட்கள் அப்போதும் பொதுவானவையே. அதற்கு காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பி வேண்டும். உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது மேக்ஸ்(பட்டியல்) மட்டுமே!

ஒரு பயிற்சி. பங்ஷனுக்குள் முதலில் பட்டியல் = பட்டியல் + [5] என்று எழுதிப் பாருங்கள். பிறகு அதை மாற்றி பட்டியல் += [5] என்று எழுதிப் பாருங்கள். முதலாவது புதிய லிஸ்டை உருவாக்கும், வெளியே மாற்றம் இராது. இரண்டாவது பழைய லிஸ்டையே நீட்டிவிடும். இரண்டிலும் ஐடி(பட்டியல்) என்பதை முன்னும் பின்னும் பிரிண்ட் செய்தால் காரணம் விளங்கும்.

அக்கா புதிய தாள்களைப் பிரிண்ட் எடுத்தார். அந்த மாணவன் வீட்டுக்கு நானே போய்த் தாளைக் கொடுத்து, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எந்தப் பங்ஷனை எழுதினாலும், அதை அழைத்த பிறகு கொடுத்த லிஸ்டையும் ஒருமுறை பிரிண்ட் செய்து பார்த்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே பழகுங்கள்.