குவாண்டம் கம்ப்யூட்டர் நம் ரகசியப் பூட்டை உடைக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர், குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் இன்டர்நெட் பேங்கிங் என்னாகும் என்று என்னிடம் கேட்கின்றனர். விடை காண ஒரு சிறிய கணக்குப் போடுவோம்.

53ஐ 59ஆல் பெருக்குங்கள். விடை 3127. இப்போது திருப்பிக் கேட்கிறேன். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 3127 கிடைக்கும்? 2, 3, 5 எனப் பகா எண்களால் வகுத்துக்கொண்டே போனால், 16ஆவது முயற்சியில்தான் 53 சிக்கும். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்கு இதுவே அடிப்படை. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணில் 617 இலக்கங்கள் உண்டு. அதைப் பிரிக்கச் சாதாரண கம்ப்யூட்டருக்கு நம் ஆயுள் போதாது.

குவாண்டம் கம்ப்யூட்டரால் இதை விரைவாகப் பிரிக்கலாம் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அது எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் என்பார்கள். அது சரியல்ல. க்யூபிட் 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கும். ஆனால் அளந்தால் ஒரு விடைதான் வரும். அலைகள் மோதி ஓரிடத்தில் அடங்கி, வேறிடத்தில் எழும்புவதைப் போல, தவறான விடைகள் அடங்கிச் சரியானது ஓங்கும்படி ஷோரின் வழிமுறை செய்கிறது.

2001இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 7 க்யூபிட்களால் பிரித்த எண் வெறும் 15தான். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சிப்பில் 105 க்யூபிட்கள் உள்ளன. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ.வை உடைக்க 2 கோடி க்யூபிட்கள் தேவை என 2019இல் மதிப்பிட்டனர். 2025இல் கூகுளின் கிரெய்க் கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவானவை போதும் என்றார். தேவை இப்படிக் குறைந்து வருவதைக் கவனியுங்கள்.

இன்றே உள்ள ஆபத்து வேறு. பூட்டிய தகவல்களை இப்போது திருடிச் சேமித்து, பின்னாளில் திறக்கலாம். பழைய ஓ.டி.பி.யால் பயனில்லை. ஆனால் மருத்துவ அறிக்கை இருபது ஆண்டு கழித்தும் ரகசியம்தான்.

இதற்காக அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. 2024 ஆகஸ்டில் மூன்று புதிய பூட்டுத் தரங்களை வெளியிட்டது. குரோம் பிரவுசரும் இவ்வகைப் பூட்டுக்கு மாறத் தொடங்கியது. எனவே பிரவுசரையும் விண்டோஸையும் அப்டேட் செய்திடுங்கள்.

இதில் சந்தேகம் வந்தால் ஏ.ஐ. புரோகிராமிடம் கேட்கலாம். ஆனால் அது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்தே பதிலைக் கோர்க்கிறது. அதனால் தவறான விடையையும் சரியானதைப் போலவே சரளமாகச் சொல்லக்கூடும். ஓர் எண்ணைப் பிரித்துத் தந்தால், கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள். பிரிப்பது கடினம், சரிபார்ப்பது நொடி வேலை. பெருக்கிப் பார்க்க முடியாத பதில்களில்தான் கூடுதல் கவனம் தேவை.